மிளகும் தண்ணியும்

கந்தசட்டியின் ஆறாம் நாள், சூரனின் யானைத் தலை விழ முன்னமே சாருஜா விழுந்துவிட்டாள்.

சனமெல்லாம் முருகனின் வேலாயுதத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் 'தொப்' என்று சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினார்கள். நாலு பெண்கள் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் மடத்தில் கிடத்தினார்கள். தாய் கேதீஸ்வரி முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். சொல்லச் சொல்லக் கேக்கேல்லை," என்றாள், ஆரைப் பார்த்தும் சொல்லாமல்.

"உந்த உடம்புக்கு உது ஏலுமே?" என்றாள் அங்காலைத் தெரு நாகேஸ்வரி. கோயிலடிக்கு வருகிற ஆட்களையெல்லாம் கண்ணாலேயே எடை நிறுத்துவிடுகிறவள். "கலியாணம் பேசுற பெட்டை. கெதியா மெலியவேணும் எண்டு வெளிக்கிட்டிருப்பாள். ஆளைப் பார்த்துத்தானே ஆள் பழகிறது."

சொல்லிக்கொண்டே அவள் கண் கேதீஸ்வரியின் பக்கத்து வீட்டுச் சிவகௌரியில் வந்து நின்றது.

சிவகௌரி சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தாள்.

சித்திரையில், "கொழும்பிலை அக்கா வீட்டை நிண்டிட்டு வாறன்" என்று போனவள் அவள். நீர்வேலிக்குத் திரும்பி வந்த பிறகு ஆள் கரைந்துகொண்டே போனாள். சட்டைகளைப் பிடித்துத் தைத்தும் தோளில் நிற்கவில்லை. தலைமுடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாதம் ஒருக்கால் கொழும்புக்கும் போய் வந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "விரதம் பிடிக்கிறன்."

நடந்தது ஒப்பரேசன். இரைப்பையின் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத்தின் பருமனுக்கு விட்டிருந்தார்கள். நாலு கரண்டிக்கு மேல் போனால் நெஞ்சை அடைக்கும். கணவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. 'வாயைக் கட்ட ஏலாமல் வயித்தை வெட்டினவள்' என்று ஊர் சிரிக்குமே என்று பயம்.

பொய்யும் ஒரு கரைச்சலுமில்லாமல் ஓடியது. கலியாண வீட்டில்கூட, "இன்னும் கொஞ்சம்" என்று ஒருத்தரும் அவள் இலையில் சோற்றைக் கொட்டவில்லை. கேதீஸ்வரி மட்டும் கிழமைக்கு ஒருதரம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பாள். ஒன்றும் கேளாமல் போய்விடுவாள். விரதக்காரிக்கு ஊர் வைக்கிற மரியாதை என்று சிவகௌரி நினைத்தாள். நினைக்க நினைக்க உடம்பு கூசும். அதற்காக உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை.

போன மாதம் வேலியடியில் வைத்துச் சாருஜா கேட்டாள்:

"அன்ரி, எப்பிடிச் சாப்பாடில்லாமல் இருக்கிறியள்?"

"மனம் வேணும் பிள்ளை. மனம் இருந்தால் எல்லாம் ஏலும்."

அந்தப் பதில்தான் இப்போது பாயில் கிடந்தது.

சாருஜா கண் திறந்தாள். ஆரோ ஒரு செவ்விளநீரை வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

"ரெண்டு மிடறு குடி, என்ரை குஞ்செல்லே," என்றாள் தாய்.

"நாளைக்குக் காலமை பாறணைக்குத்தான் அம்மா. முறிக்கமாட்டன்."

"கை எல்லாம் நடுங்குதடி."

"நடுங்கட்டும். மாட்டன்."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சிவகௌரி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். கிணற்றுக் கட்டுப்போலச் சில்லென்று இருந்தது.

இளநீரை வாங்கிக்கொண்டு சாருஜாவின் பக்கத்தில் இருந்தாள்.

"சாருஜா, என்னைப் பார்த்துப் பழகாதை. நான் ஒரு விரதமும் பிடிக்கேல்லை."

மடத்தில் நின்ற பெண்கள் கிட்ட நெருங்கினார்கள்.

"மெலியிறதுக்கு ஒப்பரேசன் செய்தனான். இரைப்பையை வெட்டி எடுத்தது. அதாலைதான் சாப்பிட ஏலாது. மனமும் இல்லை, ஒண்டும் இல்லை. இண்டைக்குக் காலமையும் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு அரை முட்டை சாப்பிட்டிட்டுத்தான் வந்து நிக்கிறன்."

"முட்டையோ? கந்தசட்டியிலையோ?" நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

சிவகௌரி குனிந்த தலை குனிந்தபடி இருந்தாள். பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தாய் என்று கேதீஸ்வரி காறித் துப்பினாலும் வாங்கத்தான் வேண்டும்.

கேதீஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெலியிறதுக்கு மட்டுமோ வெட்டினது? வேறை நோய், வருத்தம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை, கேதீசக்கா."

"மெய்யாய்ச் சொல்லும்."

"முருகன் வாசலிலை இருந்து சொல்லுறன். ஒரு வருத்தமும் இல்லை."

கேதீஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"முடி கொட்டினது, சாப்பாடு இறங்காதது, மாதம் மாதம் கொழும்புக்கு ஓடினது… உமக்குப் புற்றுநோய் எண்டெல்லே நாங்கள் நினைச்சது. நீரே மறைக்கிறீர், கேட்டு ஏன் கலங்கப் பண்ணுவான் எண்டு எங்கடை ஒழுங்கையிலை எல்லாரும் 'அவ விரதம், அவ விரதம்' எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சம்."

சிவகௌரி கையிலிருந்த இளநீரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

சாருஜா மெல்ல எழும்பியிருந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"இனித் தாங்கோ அன்ரி, குடிக்கிறன். உங்களுக்கு வருத்தம் மாறவேணும் எண்டு வைச்ச நேர்த்திதான் இந்த விரதம். பலிச்சிட்டுது."