மை தொடாத முத்திரை

முத்திரை டொக்கென்று விழுந்தது. சீட்டின் பின்புறம் வெறுமையாகவே இருந்தது.

வாக்குச்சாவடி மேசையில் இருந்த டீச்சர் அதை நான்காக மடித்து நீட்டினாள். வாங்கியவர் கவனிக்கவில்லை.

காலையில் ஒழுங்காகத்தான் குத்தினாள். பின்புறம் முத்திரை இல்லாத வாக்குச் சீட்டை எண்ணும்போது கழித்துவிடுவார்கள். பயிற்சி வகுப்பில் இதை மூன்று தடவை சொன்னார்கள். டீச்சர்மாரை இந்த வேலைக்குப் பிடிப்பதே சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்றுதான்.

கேள்வி ஒரே வரி. தேர்தல் இல்லாமல் ஜனாதிபதி இன்னும் பத்து வருஷம் இருக்க அரசியலமைப்பைத் திருத்தலாமா?

ஆம். இல்லை. எதற்காவது நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி.

பத்து மணிக்கு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். ஆளுங்கட்சி ஆட்கள். வாக்களிக்கும் மறைப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை இழுத்து உட்கார்ந்தார்கள். இனி அவர்கள் கண்முன்னால்தான் புள்ளடி. காட்டிவிட்டுத்தான் பெட்டி.

பொறுப்பதிகாரி படிவங்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். வாசலில் நின்ற பொலிஸ்காரருக்குத் திடீரென்று வெற்றிலை ஞாபகம் வந்துவிட்டது.

அதன்பிறகு வந்த பத்துப் பேரும் ஆம்.

இந்த ஊரே ஆசைப்பட்டுக் கேட்டதாக அல்லவா நாளைக்கு வானொலி சொல்லப்போகிறது?

அப்போதுதான் டீச்சர் முத்திரையின் அடியைத் துடைத்துவிட்டு மைப்பெட்டியை மூடினாள்.

சத்தம் மட்டும் அதே சத்தம். டொக். மடிப்பு. அடுத்த ஆள்.

அவர்கள் புள்ளடியைத்தான் பார்த்தார்கள். முதுகுப்பக்கம் யாருக்கு வேண்டும்? பிடிபட்டால் வேலை போகும். வேலையோடு போனால் அதிர்ஷ்டம்.

பிறகு பவளம் வந்தாள்.

சந்தையில் மீன் விற்பவள். அவளிடம் வாய் கொடுத்தவர்கள் அடுத்த வாரம் வேறு சந்தைக்குப் போவார்கள்.

டொக். மடிப்பு.

பவளம் சீட்டை விரித்தாள். பென்சிலை எடுத்தாள். 'இல்லை'க்கு நேரே ஆறுதலாக, அவசரப்படாமல் புள்ளடி போட்டாள். பிறகு மூன்று பேருக்கும் தனித்தனியாக அதைக் காட்டினாள்.

ஒருவன் எழுந்து கன்னத்தில் அறைந்தான்.

அவன் மற்றக் கையால் பறிப்பதற்குள் பவளம் சீட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள்.

அந்தச் சீட்டின் முதுகிலும் மை இல்லை. இங்கே தாருங்கள், திரும்பக் குத்தித் தருகிறேன் என்று டீச்சர் முதலே கை நீட்டியிருக்கலாம். இரண்டு விநாடி இருந்தது. அந்த இரண்டு விநாடியும் பயத்தில் போய்விட்டது.

பவளம் உதட்டு இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி திரும்பி வந்தாள். முத்திரை மேசைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"என்ர ஒண்டெண்டாலும் எண்ணுப்படும், டீச்சர்."

சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் தைரியமாக விழுந்த ஒரே வாக்கு. அதைக் கொன்றது ஜீப்பில் வந்தவர்கள் அல்ல.

வரிசை அசையாமல் நின்றது. அடுத்தவர் பஸ் கண்டக்டர். வந்ததிலிருந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது பவளம் போன வாசலைப் பார்த்தார். பிறகு அடையாள அட்டையை மேசையில் வைத்தார்.

அவர் எதற்குப் புள்ளடி போடுவார்? அவளுக்குத் தெரியவில்லை. ஆம் போட்டால், அவள் குத்திய மையோடு அது அவர்களுக்கே சேரும்.

அவள் மைப்பெட்டியைத் திறந்தாள்.

துருப்பிடித்த மூடி கிரீச்சிட்டது. அறைந்தவன் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு நேரமும் மூடியிருந்த மைப்பெட்டியைப் பார்த்தான். பிறகு வாக்குப் பெட்டியைப் பார்த்தான். கதிரையிலிருந்து மெல்ல எழுந்தான்.

அவள் முத்திரையை மையில் தோய்த்து, சீட்டின் பின்புறத்தில் அழுத்திக் குத்தினாள். மடித்துக் கண்டக்டரிடம் கொடுத்தாள்.