எதிர்த்தரப்பு

பூங்கோதையின் கணவன் திருமாறன் நினைத்த நேரத்தில் முதுகலைச் சட்டம் படித்தான். கூடத்துச் சுவர்தான் பேராசிரியர். வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் அதையே பாடமாக்கி மதிப்பெண் போடும். அவள் வாயைத் திறந்தாலே சட்டம் படிக்கும் துரை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

"எனக்குக் காய்ச்சல். இன்னிக்கு நீங்க சமைங்க."

"காய்ச்சலுக்கு என்ன ஆதாரம்?"

"தொட்டுப் பாருங்க."

"சாட்சியை நான் தொடக் கூடாது."

"அபாரமான குறுக்கு விசாரணை! முழு மதிப்பெண்," என்று சுவர் பூரித்தது.

பூங்கோதை துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள். படியிறங்கும்போது சுவரின் குரல் காதில் விழுந்தது.

"அடுத்த பாடத்துக்கு எதிர்த்தரப்பு வேண்டுமே. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

"எங்கம்மா இருக்காங்க," என்றான் திருமாறன். "தூங்குறாங்க. எழுப்பட்டுமா?"