மூன்றாவது திரை

டிவியில் படம் மறுபடி உடைந்தது.

கதாநாயகனின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி நின்றது. குரல் மட்டும் ஓடியது.

அவர் எழுந்து ரவுட்டரை அணைத்தார். முப்பதுவரை எண்ணினார். போட்டார்.

முப்பது வருடம் மின்கம்பங்களில் ஏறிப் பழுது தேடியவர். ஓய்வுபெற்ற பிறகு கைக்குக் கிடைத்த பழுது இது ஒன்றுதான். ஒரு வாரமாகக் குறித்துக்கொண்டு வந்தார். காலையில் படம் தெளிவு. இரவிலும் தெளிவு. மதியம் மூன்றேகாலிலிருந்து நாலுவரைதான் இந்தக் கூத்து.

கேபிளைக் கழற்றி, ஊதி, செருகினார். சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். செயலியை அழித்து மறுபடி ஏற்றினார்.

கட்டங்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயில் வைத்தார்.

பொறுமையான பெண்குரல்.

"சார், உங்க ப்ளான்ல ரெண்டு இடத்துலதான் பார்க்கலாம். இப்ப மூணு இடத்துல ஓடுது. அதான் படம் திணறுது."

"வீட்டுல நானும் வீட்டுக்காரியும்தானம்மா. ரெண்டே பேரு."

"செட்டிங்ஸ்ல சாதனங்கள்னு இருக்கும் சார். திறந்து பாருங்க. தெரியாதது இருந்தா நீக்கிடுங்க, சரியாயிடும்."

திறந்தார்.

டிவி, ஈரோடு. இது.

கைபேசி, ஈரோடு. மனைவி வசந்தாமணியுடையது.

டிவி, ஓசூர்.

ஓசூரில் அவருக்கு யாரும் இல்லை.

நாலு வருடமாக அப்படித்தான் சொல்லிவந்தார். மகள் அங்கே இருப்பதாக ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னபோது, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனவர்.

சுபாஷினி. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த மாதமே ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தார். சுவரிலிருந்த அவள் படங்களை இறக்கினார். அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்றார். வசந்தாமணி அதற்குப் பிறகு சொன்னதில்லை.

இந்த டிவிக் கணக்கை மட்டும் மறந்துவிட்டார். டிவி வாங்கிய அன்று கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் பதிந்து கொடுத்தது மகள்தான்.

பெருவிரலை ரிமோட்டில் வைத்தார். திரையில் 'நீக்கு' ஒளிர்ந்தது.

அழுத்தும் முன், கீழே இருந்த சிறிய எழுத்தைப் படித்தார்.

பார்ப்பவர்: குட்டி.

ஓடிக்கொண்டிருப்பது ஒரு பொம்மைப்படம். யானைக்குட்டி ஒன்று பாட்டுப் பாடும் படம்.

குட்டி.

கம்பத்தில் ஒருமுறை மின்சாரம் அவரைத் தூக்கி அடித்திருக்கிறது. அன்றைக்குக்கூட எழுந்து நின்றார். இப்போது தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சுபாஷினிக்குக் குழந்தை இருக்கிறது.

உட்கார்ந்து பொம்மைப்படம் பார்க்கிற அளவுக்கு வளர்ந்த குழந்தை.

"சார்? நீக்கிட்டீங்களா?"

கண் மேலே ஏறி, இரண்டாவது வரியில் நின்றது. வசந்தாமணியின் கைபேசி.

பார்ப்பவர்: குட்டி.

அதே படம்.

அப்போதுதான் காதில் விழுந்தது. சமையலறையிலிருந்து மெல்லிசாக ஒரு பாட்டு. ஒரு வாரமாகக் கேட்கிற பாட்டுதான். பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்திருந்தார்.

சுவரைப் பிடித்து எழுந்து போனார்.

வசந்தாமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில் யானைக்குட்டி குளித்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் திரையை மூடினாள்.

"அழிச்சுப்போடாதீங்க" என்றாள். "உங்க காலுல வேணும்னாலும் உழுகறனுங்க. அதை மட்டும் அழிச்சுப்போடாதீங்க."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

ஏதோ சொல்ல நினைத்தார். வந்தது வேறு.

"பையனா, பொண்ணா?"

"தெரியாதுங்க."

கையை எடுக்காமலே அவள் தொடர்ந்தாள்.

"ஆடி மாசம் ஒரு நா என்ற போன்ல, யாரு பாக்கறதுன்னு கேக்கற எடத்துல அந்தப் பேரு புதுசா வந்துச்சுங்க. அவ்வளவுதான். மத்தியானம் தூங்கி மூணேகாலுக்கு எந்திரிக்கும். ஒரே பாட்டையே ரெண்டு தடவ, மூணு தடவ ஓட்டும். நடுவுல ஒரு வாரம் ஓட்டவே இல்ல. காய்ச்சலோ என்னமோன்னு கெடந்து தவிச்சேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க."

கையை எடுத்தாள். பாட்டு தெளிவாகக் கேட்டது.

ஹாலிலிருந்து, "சார், லைன்ல இருக்கீங்களா?"

போய்ப் போனை எடுத்தார்.

"அம்மணி, அந்த ஓசூரு டிவி... எந்தத் தெருன்னு காட்டுமா?"

"காட்டாது சார். ஊர் மட்டும்தான் தெரியும். நீக்கிடலாமா?"

"வேண்டாம்மா."

வைத்துவிட்டார். அதே கையால் டிவியையும் அணைத்தார்.

இனி இரண்டு இடம்தான்.

அலமாரியைத் திறந்து சலவைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். பொத்தான் துளையில் சேரவில்லை. வசந்தாமணி வந்து முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசிப் பொத்தானில் அவள் கை நின்றது.

"ஓசூரு பெரிய ஊருங்க" என்றாள், கண்ணால் தன் செருப்பைத் தேடியபடி.