பன்னிரண்டாவது மூச்சு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் கற்றுத்தரும் ஒருத்தி இருந்தாள். தன்னிடம் கற்கும் பதினொரு பிள்ளைகளும் தண்ணீருக்கடியில் எத்தனை விநாடி மூச்சடக்கினார்கள் என்று எண்ணிக்கை, சராசரி, அதிகபட்சம் எல்லாம் காட்டும் கிராஃபிங் கால்குலேட்டரில் ஏற்றிச் சராசரி பார்ப்பது அவள் வழக்கம். அன்று அவளுடைய மகள்தான் முதல், நாற்பத்தெட்டு விநாடி.

பதினொரு எண்களையும் ஏற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். எண்ணிக்கை பன்னிரண்டு என்றது திரை. அதிகபட்சம் அறுநூற்று மூன்று.

கை தவறியிருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்து, நிதானமாக மறுபடி ஏற்றினாள். பட்டியலில் பதினொன்றுதான் இருந்தது. அழுத்தினால் பன்னிரண்டு. அதிகபட்சம் எழுநூற்று நாற்பது. உடனே இன்னொரு தரம் அழுத்தினாள். எழுநூற்று நாற்பத்திரண்டு.

யாரோ இன்னும் தண்ணீருக்குள்ளே மூச்சடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்க் குளத்தைப் பார்த்தாள். நீலத் தரை வரை தெளிவாகத் தெரிந்தது, ஒருவருமில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணினாள். பதினொன்று.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? எண்ண மறந்துபோச்சா?" என்று மகள் சிரித்தாள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சாடி?"

"எப்பவோ வந்தாச்சும்மா."

மறுபடி அழுத்தினாள். தொள்ளாயிரத்துப் பத்து. இன்னொரு தரம் அழுத்தினாள். அதே தொள்ளாயிரத்துப் பத்து. எண் ஏறுவது நின்றுவிட்டது.

படிக்கட்டுப் பக்கம் யாரோ நீளமாக மூச்சிழுத்தார்கள். காய்ந்த தரையில் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்து, வரிசைக் கடைசியில், மகளை ஒட்டி நின்றன.

உங்கள் வீட்டில் பிள்ளைகளை எப்போது எண்ணினாலும், பெற்ற கணக்குக்கு ஒன்று குறையாமலும் ஒன்று கூடாமலும் இருக்கட்டும், என் செல்வங்களே.