பூவாளித் தேர்தல்

ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் மூன்று இடங்கள் காலி. போட்டியில் நான்கு பேர். அந்த நான்கில் பில்டரும் ஒருவர் என்று கேள்விப்பட்டபோது அவருடைய மனைவியே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? ஏரிக்கரையை ஒட்டிப் பத்து மாடி எழுப்பத் தலைகீழாக நின்று பார்த்தவர் அவர். ஒவ்வொரு முறையும் இந்தச் சங்கம்தான் கோர்ட்டுக்குப் போய் முட்டுக்கட்டை போட்டது. வெளியே நின்று மோதுவதைவிட உள்ளே போய் உட்கார்ந்து காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம் என்று இப்போதுதான் அவருக்கு உதித்தது. இந்த முறை குழுவுக்குள் நுழையாவிட்டால் அந்த இடத்தைத் தவளைகளுக்கே எழுதி வைத்துவிட வேண்டியதுதான்.

ஆறு மாதமாக மனிதர் பச்சைச் சட்டையிலேயே திரிந்தார். மரக்கன்று நட்டார். உறுப்பினர் ஒருவர் விடாமல் துணிப்பை கொடுத்தார். கொக்கைக் கண்டால் கும்பிடாத குறைதான்.

தேர்தலும் சங்கத்துக்கு ஏற்ற தேர்தல். காகிதம் வீணாகக் கூடாது என்று வாக்குச்சீட்டுக்குப் பதில் விதை. பல் டாக்டருக்குப் பூசணி, நூலகருக்கு மக்காச்சோளம், தபால்காரருக்கு பீன்ஸ். பில்டர் சூரியகாந்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாக்குப் பெட்டி ஒரு பழைய தகரப் பூவாளி. எண்ணி முடித்ததும் எல்லா விதைகளையும் ஏரிக்கரையில் விதைத்துவிடுவார்களாம்.

செயலாளர் டீச்சர் மைக்கைப் பிடித்து வாக்களிக்கும் முறையை விளக்க ஆரம்பித்ததும் பில்டரின் போன் அடித்தது. சிமெண்ட் லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். வெளியே போய் டிரைவரைக் காய்ச்சி எடுத்துவிட்டுத் திரும்பினார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் தட்டினார். எத்தனை சங்கத் தேர்தல் பார்த்தவர், அவருக்குத் தெரியாததா? தன் முறை வந்ததும் திரைக்குப் பின்னால் போய் ஒரு சூரியகாந்தி விதையைப் பூவாளிக்குள் போட்டுவிட்டு வந்தார்.

டீ இடைவேளை விட்டார்கள். மண்வெட்டிகள் இருக்கும் அறையில் பூவாளியை வைத்துவிட்டு, டீச்சர் கதவைச் சும்மா சாத்தினார்.

பில்டர் தன் மச்சினனைக் கண்ணாலேயே கூப்பிட்டார். "மாப்ள, டீச்சரைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுக்கோ. மண்புழு உரத்தைப் பத்திக் கேளு, போதும். நிறுத்தவே மாட்டாங்க."

"நீங்க எங்க மாமா போறீங்க?"

"சும்மா எட்டிப் பார்த்துட்டு வரேன்."

உண்மையிலேயே எட்டிப் பார்க்கத்தான் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை வைத்திருந்தார், அவ்வளவுதான். தரையில் செய்தித்தாளை விரித்துப் பூவாளியைக் கவிழ்த்தார். விரலால் விலக்கி விலக்கித் தேடினார். பூசணி, சோளம், பீன்ஸ் என்று குவிந்து கிடக்க, சூரியகாந்தி ஒன்றே ஒன்று. அதுவும் அவர் போட்டது.

"நன்றி கெட்டவங்களா! பையை வாங்கிக்கிட்டு இப்படிக் காலை வாரிட்டீங்களே!"

அப்புறம் கை சும்மா இருக்குமா? மற்ற விதைகளை அள்ளிப் பேண்ட் பையில் திணித்தார். எடுத்த அளவுக்குச் சூரியகாந்தியைக் கொட்டினார். ஒரேயடியாகத் துடைத்தால் சந்தேகம் வரும் என்று மற்ற மூவருக்கும் கொஞ்சம் விட்டு வைத்தார். அந்தப் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

கூடத்துக்குத் திரும்பியபோது மச்சினன் அரக்கப்பரக்க ஓடிவந்தான்.

"மாமா, டீச்சர் ஒரு விஷயம் சொன்னாங்க..."

"மண்புழுவைப் பத்தி அப்புறம் கேட்டுக்கறேன்."

"மண்புழு இல்ல மாமா, இது வந்து..."

"வாயை மூடிட்டு உட்காருடா. காரியம் கச்சிதமா முடிஞ்சுது."

முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார். கூடவே ஒரு பூசணி விதை துள்ளி விழுந்து, நேராக டீச்சரின் காலடியில் போய் நின்றது. டீச்சர் குனிந்து எடுத்தார்.

"உங்களுதா சார்?"

பில்டருக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஆமா டீச்சர். உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு." வாங்கி வாயில் போட்டு, தோலோடு மென்றும் காட்டினார்.

"நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பூவாளியோடு மேடை ஏறினார். பில்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விதைகளை எண்ணினார்கள். மறுபடியும் எண்ணினார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மைக்கின் பக்கம் வந்தார்.

"சூரியகாந்திதான் அதிகம். மத்ததெல்லாம் ஒரு கைப்பிடிகூட இல்ல."

பில்டர் எழுந்தார். வாயெல்லாம் பல்லாகக் கைகூப்பினார். நன்றியுரை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்து பில்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"மனசைத் தேத்திக்குங்க சார். என்னால நம்பவே முடியல. உங்களை இங்க எல்லாருக்கும் பிடிக்கும்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்."

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"இருக்கறது மூணு இடம், நிக்கறது நாலு பேரு, அதனால வேண்டாத ஒருத்தரோட விதையை மட்டும் போட்டாப் போதும்னு சொன்னேன்... இப்படி எல்லாரும் சேர்ந்து உங்களையே வேண்டாம்னு போட்டுட்டாங்களே சார்!"