பூனை கிழித்த சோபா

சோபாவில் பூனை படுத்திருந்தது. வீட்டுக்காரன் சங்கிலிமுத்து கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து இலவச டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு மாரித்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே இது, பூனை மேல, நீங்க கீழயா?"

"பூனை கையில அலுமினியப் பொடி இல்லையே தாயி," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான் சங்கிலிமுத்து.

பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு மருந்து அடைக்கிற வேலை. அந்தப் பொடி ஒட்டினால் ஒட்டினதுதான். எத்தனை சோப்பைக் கரைத்தாலும் கை எவர்சில்வர் கரண்டி மாதிரி மினுங்கும். தொட்ட இடமெல்லாம் சாம்பல் பூக்கும்.

அவன் மனைவி வேல்விழிக்கோ அந்த மெரூன் கலர் சோபா என்றால் உயிர். சின்ன வயதிலிருந்தே தீப்பெட்டி ஆபீஸ் தரையில் சம்மணம் போட்டு வளர்ந்தவள், பாவம். பொங்கலுக்கு அது திருத்தங்கலில் அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் சூடம் காட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெருவே கேட்க ஒரு வார்த்தையும் விட்டுவிட்டாள்.

"இது புதுசா இருக்குற வரைக்கும் பொடிக் கையோட ஒருத்தரும் இதுல உக்காரப்படாது. மாரியாத்தா மேல சத்தியம்!"

ஒருத்தரும் என்று பொதுவாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் பொடிக் கை உள்ளவன் ஒருத்தன்தான்.

பூனைக்குச் சத்தியமாவது, சாமியாவது? வந்த வாரமே சோபாவின் பின்பக்க மூலையில் நகத்தைத் தீட்டிப் பார்த்துவிட்டது சீனி.

"பேசாம ஒரு குறடு வச்சு நகத்தைப் பிடுங்கி விட்டுருங்க மதினி," என்று அடுப்படியிலிருந்து வந்த வேல்விழிக்கு வழி சொன்னாள் மாரித்தாய்.

சங்கிலிமுத்து பதறிப்போனான். "ஏ தாயி! பூனைக்கு நகம் போனா விரல் நுனியும் சேந்து போகும். விரல் போனவுக எம்புட்டுப் பேரை நம்ம கம்பெனில பாத்திருக்கோம்? அந்தப் பேச்சே வேண்டாம்."

"நகத்தைத் தொட நானும் விடமாட்டேன்," என்றாள் வேல்விழி. "ஆனா இன்னும் ஒரே ஒரு கீறல் விழட்டும், சீனி புதுப்பட்டிக்குப் போயிரும். உங்க அக்கா வீட்டுல போய்க் கிழிக்கட்டும்."

"விழாது வேலு. நான் பொறுப்பு."

சும்மா சொல்லவில்லை. அணுகுண்டு வெடிக்குச் சுற்றுகிற சணலைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்து, உடைந்த உலக்கை ஒன்றில் நெருக்கமாகச் சுற்றி, சோபாவின் மூலையோடு சேர்த்துக் கட்டியிருந்தான். குப்பைமேனி வேரைக் கசக்கி அதன் மேல் தேய்த்தும் விட்டிருந்தான். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பேர் உண்டு. பேருக்கு ஏற்றபடி, சீனி உலக்கையே கதி என்று அதைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தது.

டிவியில் விளம்பரம் வந்தது. எழுந்திருக்க முயன்ற சங்கிலிமுத்து, "யாத்தே" என்று இடுப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டான்.

"கம்பெனியிலயும் தரை, வீட்டுலயும் தரை. முதுகு என்னத்துக்கு ஆகும்? நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீக மதினி?" என்றாள் மாரித்தாய்.

"ஆத்தா மேல பண்ணுன சத்தியத்தை மீறச் சொல்லுதீகளா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள் வேல்விழி. 'கல்நெஞ்சக்காரி' என்று மாரித்தாய் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேல்விழி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, சீனியை ஒயர் கூடையில் போட்டு, துண்டால் மூடிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினான் சங்கிலிமுத்து. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் சீனியை மடியில் வைத்து, சதையில் படாமல் நகத்தின் கூர்நுனியை மட்டும் பதமாக நறுக்கிவிட்டார்.

"அப்பப்ப இப்படி நுனியை நறுக்கி விட்டாப் போதும்ணே. பிடுங்கல்லாம் கூடாது."

'இனி சீனி நினைச்சாலும் கிழிக்க முடியாது வேலு' என்று சொல்லவேண்டியதை பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான்.

கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தவனுக்குத் திக்கென்றது. சோபாவின் நட்டநடுவில், உட்காருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

"பாத்தீகளா உங்க பூனை செஞ்ச வேலைய! இப்பத்தான் கிழிச்சுப் போட்டுட்டு ஓடுது!" என்றாள் வேல்விழி.

"சீனியா?"

"பெறகு? நானா கிழிச்சேன்?"

சங்கிலிமுத்து அவளைப் பார்த்தான். தாலிக் கயிற்றில் அவள் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்று வளைந்து, வாய் திறந்து கிடந்தது. அதன் நுனியில் மெரூன் நூல் ஒன்று தொங்கியது. அவன் கண் போன இடத்தைப் பார்த்ததும் அவள் சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான்.

"அப்ப சீனி புதுப்பட்டிக்கா?"

"வாயில்லாச் சீவனை எங்கன கொண்டுபோய் விட? விடுங்க. கிழிஞ்சது கிழிஞ்சாச்சு. இனி இது புதுசு இல்லைல்ல? ஆத்தா சத்தியமும் தீந்துபோச்சு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இடுப்பு வலியோட எதுக்குத் தரையில கெடக்கீக? ஏறிச் சாஞ்சு உக்காருங்க."

சங்கிலிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொடிக் கையோடு, மெதுவாக, கிழிசல் மேலேயே உட்கார்ந்து சாய்ந்தான்.

வாசலில் கூடைக்குள்ளிருந்து 'மியாவ்' என்று சத்தம் வந்தது. அவள் திரும்புவதற்குள் பலமாக இருமினான் அவன்.

"ஆமா வேலு," என்றான். "பொல்லாத பூனைதான்."