பக்கவிளைவு இல்லை

புது மனச்சோர்வு மாத்திரை ஒன்றைச் சோதனைக்காக ஆறு மாதமாகச் சாப்பிட்ட பிலோமினாவிடம் ஆய்வுக்கூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. உடம்பின் மாற்றங்களைக் கணக்கெடுக்கக் கையில் ஒட்டியிருந்த பட்டையே எல்லாவற்றையும் திரையில் எழுதிவிட்டது: அழுகை இல்லை. பலன் முழுமை. பக்கவிளைவு இல்லை.

"இதெல்லாம் சரின்னு கைரேகை வையுங்கக்கா, முடிஞ்சுது," என்றாள் ஆய்வுக்காரப் பெண் நிரஞ்சனா.

"போன வாரம் என் தம்பிய அடக்கம் பண்ணினோம். பெட்டி பக்கத்துல காஞ்ச கண்ணோட நின்னேன். அதைப் பக்கவிளைவுல எழுது."

"அழாம இருக்கிறதுதானக்கா பலன்? பட்டை சொன்னதை மாத்த முடியாது."

"படுத்துக் கிடந்தவள எழுப்பினது இந்த மாத்திரைதான், இல்லேங்கல. நாளைக்கும் போடுவேன். ஆனா அவன் பட்டை கூடவா பொறந்தான்? என் கூடல்லா பொறந்தான்."

பிலோமினா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.